அடங்காத வரிசையும் அண்ணாச்சி கேட்ட கேள்வியும்

போன வாரம் லேப் வைவா கொடுமைகளைப் பத்திப் புலம்பி முடிச்சாச்சு. இந்த வாரம் ஒரு சின்ன டேபிள் கதை. மேஜை இல்லைங்க... ஆட்டோகேட்ல வரையுற டேபிள். 'இதுல என்னடா கதை இருக்கு, நாலு கோடு, நாலு எழுத்து'னு உதட்டைப் பிதுக்குற ஆளா நீங்க? மூணு மாசம் முன்னாடி வரைக்கும் நானும் அதே கட்சிதான்.

நான் சிவில், மூணாவது வருஷம். ஊரு ஸ்ரீவில்லிபுத்தூர். மே மாச லீவுல இன்பிளான்ட் ட்ரெயினிங்னு ராஜபாளையத்துல ஒரு கட்டட இன்ஜினீயர் ஆபீஸ்ல சேர்ந்தேன். சின்ன ஆபீஸ். ஒரு சார், ரெண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், ஓயாம சத்தம் போடுற ஒரு ஃபேன். காலையில பஸ் ஏறினா அரை மணி நேரத்துல ராஜபாளையம். சாயங்காலம் திரும்பி வர்றப்போ ஆண்டாள் கோயில் கோபுரம் தெரிஞ்சாதான் வீடு வந்த மாதிரி இருக்கும். அந்த ஒரு மாசமும் நான் தினம் பார்த்தது அந்தக் கோபுரமும் ஆட்டோகேட் ஸ்கிரீனும்தான்.

எனக்குக் கிடைச்ச முதல் 'நிஜ' வேலை ஒரு வீடு. எங்க ஊர்லயே, எங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி. ரெண்டு பெட்ரூம், ஹால், சமையலறை, போர்டிகோ. கணக்கெல்லாம் சார் போட்டு முடிச்சுட்டார். 'தம்பி, இதுக்கு கம்பி அட்டவணை மட்டும் போட்டு ஒரு ஏ3 தாள்ல அடக்கிக் குடு. சைட்டுக்குப் போகணும்'னார். அதாங்க, புத்தகத்துல 'பார் பெண்டிங் ஷெட்யூல்'னு படிச்சிருப்பீங்களே, ஐ.எஸ்.2502... பரீட்சைக்கு முந்தின ராத்திரி மனப்பாடம் பண்ணி, மறுநாள் மத்தியானம் மறந்த அதே சமாச்சாரம். எந்தக் கம்பி, எந்த இடம், என்ன வடிவம், எத்தனை, என்ன நீளம், என்ன விட்டம். மொத்தம் 24 வரிசை. அஸ்திவாரம், காலம், ஸ்லாப், கடைசியா பீம்.

'ப்ஃபூ... இவ்ளோதானா!'னு உக்காந்தேன். டேபிள் கமாண்ட் அடிச்சேன். வந்தது பாருங்க ஒரு பூதம்!

ஒவ்வொரு வரிசையும் 9 மில்லிமீட்டர். 24 வரிசைக்கு 216 மில்லிமீட்டர். ஏ3 தாளோட உயரமே 297தான். அதுல பார்டர், டைட்டில் பிளாக், பீம் படங்கள் எல்லாம் போக எனக்கு மிஞ்சினது 150க்கும் கம்மி. சரி, வரிசையைச் சுருக்குவோம்னு ஓரத்தைப் பிடிச்சு இழுத்தேன். வராது. எழுத்தோட உயரத்தை 2.5 ஆக்கினேன். எழுத்து சிறுசாச்சு, வரிசை மட்டும் 'நான் ஏன் நகரணும்?'னு அப்படியே நின்னுச்சு. ப்ராப்பர்ட்டீஸ்ல உயரம் 4னு அடிச்சேன். 6.33னு தானா மாத்திக்கிச்சு. மறுபடி 4. மறுபடி 6.33. எனக்கும் அதுக்கும் வாய்க்கால் தகராறு அரை மணி நேரம் நடந்துச்சு.

அப்போ நான் செஞ்சேன் பாருங்க ஒரு புத்திசாலித்தனம்... எக்ஸ்ப்ளோட்! டேபிளை உடைச்சுட்டேன். இப்போ அது டேபிளே இல்ல, வெறும் கோடுகளும் எழுத்துகளும். கோட்டை எல்லாம் நகர்த்தி, எழுத்தை எல்லாம் நகர்த்தி, ஒரு வழியா அடக்கிட்டேன். பார்க்க செம நீட்டா இருந்துச்சு. 'நாமதான்டா கில்லி'னு நானே என் தோளைத் தட்டிக்கிட்டேன். காலேஜ்லயும் இதைத்தானே பண்றோம்? டேபிள் மக்கர் பண்ணா உடை. டைமென்ஷன் மக்கர் பண்ணா உடை. ஹேட்ச் மக்கர் பண்ணாலும் உடை. பிரின்ட்ல யாருக்குத் தெரியப் போகுது!

மறுநாள் சார் வந்து, 'தம்பி, பி-3க்குக் கீழ ஒரு சன்ஷேடு பீம் சேர்த்துடு. 12 எம்.எம்.'னார். புதுசா ஒரு வரிசை நுழைக்கணும். டேபிளா இருந்திருந்தா 'இன்சர்ட் பிலோ'ன்னு ஒரு க்ளிக்ல முடிஞ்சிருக்கும். என்கிட்ட இருந்தது உடைஞ்ச டேபிள். அதனால பி-4ல இருந்து கடைசி வரைக்கும் உள்ள எழுத்தை எல்லாம் மௌஸால ஒரு பெட்டி போட்டு வளைச்சு, மொத்தமா ஒரு வரிசை கீழ இறக்கினேன்.

இங்கதான் மக்களே பல்பு எரிஞ்சது... தப்பான இடத்துல. இடமிருந்து வலமா பெட்டி இழுத்தா, முழுசா உள்ளே அடங்கினது மட்டும்தான் செலக்ட் ஆகும். வலமிருந்து இடமா இழுத்தா, லேசா தொட்டாலே போதும், செலக்ட் ஆயிடும். ஃபர்ஸ்ட் இயர்லயே சொல்லிக் குடுக்குறாங்க. நான் இடமிருந்து வலமா இழுத்தேன். பெட்டியோட வலது ஓரம் கடைசிக் கட்டத்துல இருந்த எண்களுக்கு நடுவுல போயிடுச்சு. கடைசிக் கட்டம் எது தெரியுமா? விட்டம்! மார்க், இடம், எண்ணிக்கை, நீளம் எல்லாம் ஒரு படி இறங்கிடுச்சு. விட்டம் மட்டும் பழைய இடத்துலயே நிக்குது.

கடைசியில ரிங் கம்பி வரிசையில விட்டம் காலியா இருந்தது. 'ஓ, விட்டுப் போச்சு போல'னு நானே 8னு அடிச்சேன். புது வரிசையில ஏற்கெனவே ஒரு எண் இருந்தது. 'ஓ, நாமதான் அடிச்சிருக்கோம் போல'னு நம்பினேன். பிரின்ட் போட்டாச்சு. சார் ஏகப்பட்ட டென்ஷன்ல இருந்தார், படங்களை மட்டும் பார்த்துட்டுக் கையெழுத்து போட்டார். தாள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போயிடுச்சு.

ரெண்டு நாள் கழிச்சு, பஸ்ஸை விட்டு இறங்கி, நான் வரைஞ்ச வீடு எப்படி இருக்குனு பார்க்க சைட்டுக்குப் போனேன். உள்ளுக்குள்ள ஒரு கெத்து! கம்பி வேலை பார்க்குற அண்ணாச்சி ஒருத்தர் கீழ உக்காந்திருந்தார். ஐம்பது வயசுக்கு மேல இருக்கும். என் தாள் அவர் முன்னாடி, ஒரு செங்கல்லை மேல வெச்சு, விரிச்சுக் கிடக்கு.

'ஆபீஸ்ல இருந்து வர்ற தம்பியா? வாங்க. ஒரு சந்தேகம். சன்ஷேடுக்கு 16 போட்டிருக்கு. ஹால் பீமுக்கு 12 போட்டிருக்கு. சமையக்கட்டுக்கு மறுபடி 16. இந்தக் கடைசி லாஃப்ட் பீமுக்கு மெயின் கம்பியே 8. எனக்கு ஒண்ணும் புரியல. தாள் சொல்றதை நான் கேக்கணுமா, தாளு நான் சொல்றதைக் கேக்கணுமா?'

எனக்குக் கை காலெல்லாம் சில்லுனு ஆயிடுச்சு.

கணக்கு போட்டுப் பாருங்க. ஹால் பீம்தான் அந்த வீட்லயே நீளமானது. அடியில மூணு கம்பி. 16 எம்.எம். கம்பி ஒண்ணோட குறுக்கு வெட்டுப் பரப்பு 201 சதுர மில்லிமீட்டர், மூணுக்கு 603. 12 எம்.எம்.னா ஒண்ணுக்கு 113, மூணுக்கு 339. அதாவது சார் கேட்ட இரும்புல பாதியைக் கொஞ்சம் தாண்டும், அவ்ளோதான். மேல ஸ்லாப், அதுக்கு மேல நாளைக்கு ஒரு மாடி, கீழ ஹால்ல ஒரு குடும்பம். இதெல்லாம் நான் ஒரு பெட்டியைத் தப்பா இழுத்ததுல தொங்கிட்டு இருந்தது.

சன்ஷேடுக்காக ஒரு முழு 16 எம்.எம். கம்பியை அண்ணாச்சி ஏற்கெனவே வெட்டிட்டார். 12 மீட்டர் கம்பி. விட்டத்தோட வர்க்கத்தை 162 ஆல வகுத்தா மீட்டருக்கு இத்தனை கிலோனு வரும்ல, அந்தக் கணக்குல கிட்டத்தட்ட 19 கிலோ. ஹால் பீம்ல கை வைக்கிறப்போதான் அவருக்கு சந்தேகம் வந்து நிறுத்தியிருக்கார். முப்பது வருஷ அனுபவம் நிறுத்துச்சு. புதுசா வேலைக்கு வந்த பையன் ஒருத்தன் அந்த இடத்துல உக்காந்திருந்தா? தாள் சொன்னதை அப்படியே வெட்டியிருப்பான். அவன் மேல தப்பும் சொல்ல முடியாது.

'பீம் படத்துல சரியாத்தானே இருந்துச்சு அண்ணாச்சி, அதைப் பார்க்கலையா?'னு ஈனஸ்வரத்துல கேட்டேன். அவர் கோபப்படல. 'படம் எனக்குப் புரியாம இல்ல தம்பி. ஆனா காலையில வெட்ட உக்காரும்போது நான் பாக்குறது இந்தக் கட்டத்தை மட்டும்தான். விரலை வெச்சு ஒவ்வொரு வரிசையா போவேன்'னார்.

அன்னிக்கு ராத்திரி சாருக்கு போன் பண்ணிச் சொன்னேன். மனுஷன் ஒரு நிமிஷம் பேசவே இல்ல. அப்புறம், 'நானும் பார்க்காம கையெழுத்து போட்டேன்ல... காலையில சீக்கிரம் வா. உடைக்காம போடு'னார். அவ்ளோதான். திட்டியிருந்தா நல்லாத் தூங்கியிருப்பேன்.

சரி, 'உடைக்காம போடுறது' எப்படி? காலேஜ்ல உங்களுக்கும் இந்தப் பூதம் வரும். அதனால நான் முட்டி மோதிக் கண்டுபிடிச்சதை அப்படியே சொல்றேன்.

முதல்ல, வரிசை ஏன் அடங்க மாட்டேங்குது? அதுக்கு ஒரு கணக்கு இருக்கு மக்களே, திமிர் இல்ல. எழுத்தோட உயரத்தை 4 ஆல பெருக்கி 3 ஆல வகுங்க. அதோட மேல் மார்ஜின், கீழ் மார்ஜின் ரெண்டையும் கூட்டுங்க. ஒரு வரி எழுத்துக்கு அதுதான் குறைஞ்சபட்ச உயரம். அதுக்குக் கீழ தலைகீழா நின்னாலும் போகாது. மெட்ரிக் டெம்ப்ளேட்ல எழுத்து 4.5, மார்ஜின் 1.5. ஆக 6 கூட்டல் 3... அந்த 9 எங்கேயிருந்து வந்துச்சுனு தெரிஞ்சுடுச்சா? நான் எழுத்தை 2.5 ஆக்கினேன், மார்ஜினைத் தொடவே இல்ல. 3.33 கூட்டல் 3. அதான் அந்த 6.33! மூணு மில்லிமீட்டர் வெறும் காத்து. டேபிள் ஸ்டைல் போய், 'ஜெனரல்' பக்கத்துல வெர்ட்டிகல் மார்ஜினை 0.5 ஆக்கினா வரிசை 4.33 வரைக்கும் இறங்க ரெடி. 24 வரிசைக்கு 104 மில்லிமீட்டர். என் தாள்ல தாராளமா அடங்கியிருக்கும்! எக்ஸ்ப்ளோடுக்கு வேலையே இல்ல. ஒரு எண்ணு மக்களே... ஒரே ஒரு எண்ணு.

இதுல ஒரு உள்குத்து உண்டு. ஸ்டைலை மாத்தினதும் ஏற்கெனவே போட்ட டேபிள் தானா சுருங்கிடும்னு காத்திருக்காதீங்க. 'சுருங்கலாம்'னு அனுமதிதான் கிடைச்சிருக்கு. எல்லா செல்லையும் செலக்ட் பண்ணி, ப்ராப்பர்ட்டீஸ்ல செல் ஹைட்டை 1னு அடிங்க. அது 1 ஆகாது. எவ்வளவு குறைய முடியுமோ அந்த அளவுக்குப் போய் நின்னுக்கும். நான் அரை மணி நேரம் சண்டை போட்டேனே, அதே தானா மாத்திக்கிற குணம்தான் இங்க நமக்கு உதவுது.

அப்படியும் ஒரே ஒரு வரிசை மட்டும் குண்டா நிக்குதா? அந்த வரிசையில ஏதாவது ஒரு செல்லுக்குள்ள, எழுத்துக்குப் பின்னாடி யாரோ என்டர் தட்டியிருப்பாங்க. கண்ணுக்குத் தெரியாத ஒரு காலி வரி உள்ளே உக்காந்திருக்கும். இல்லைனா கட்டம் குறுகலா இருந்து எழுத்து ரெண்டா மடிஞ்சிருக்கும். ஒரு செல் குண்டானா அந்த வரிசை மொத்தமும் குண்டு, ஹாஸ்டல் ரூம்ல ஒருத்தனுக்கு அம்மை வந்தா மொத்த ரூமும் லீவு போடுற மாதிரி. இன்னொண்ணு, டேபிள் ஸ்டைல்ல டெக்ஸ்ட் ஹைட் கட்டமே மங்கிப் போய், மாத்த விடலையா? உங்க டெக்ஸ்ட் ஸ்டைல்ல உயரத்தை யாரோ ஒரு எண்ணா ஃபிக்ஸ் பண்ணி வெச்சிருக்காங்க. அங்க போய் அதை 0 ஆக்குங்க. இங்க உயிர் வந்துடும். தனி ஒரு செல்லுக்கு மட்டும் நீங்களே முன்னாடி ஏதாவது மாத்தியிருந்தா, அது ஸ்டைல் பேச்சைக் கேக்காது. ரைட் க்ளிக்ல அந்த ஓவர்ரைடு எல்லாத்தையும் நீக்க ஒரு வழி இருக்கு, அமுக்குங்க.

ஒரு சின்னத் தகவல். ஆட்டோகேட் 1982லயே வந்துடுச்சு. ஆனா இந்த டேபிள் கமாண்ட் 2005ங்கிற வெர்ஷன்லதான் எட்டிப் பார்த்துச்சு. அதுவரைக்கும் எல்லாரும் கோடு போட்டு, எழுத்தை நட்டு வெச்சுத்தான் அட்டவணை போட்டாங்க. எங்க சார் அந்தக் காலத்து ஆளு. என் உடைஞ்ச டேபிளைப் பார்த்து அவருக்கு சந்தேகம் வராததுக்கு அதுவும் ஒரு காரணம்னு நினைக்கிறேன். அவர் பழகினதே அப்படித்தான். நாம புது வசதியைக் கையில வெச்சுக்கிட்டு, உடைச்சுட்டு, பழைய காலத்துக்குப் போறோம்!

அடுத்தது லே-அவுட். இங்கதான் பாதிப் பேர் சறுக்குறாங்க. டேபிளை எங்க வைக்கிறது, மாடல் ஸ்பேஸ்லயா, லே-அவுட்லயா? வீடு மாடல் ஸ்பேஸ்ல நிஜ அளவுல இருக்கு. அதை 1:50ல காட்டுறீங்கன்னா, தாள்ல 2.5 மில்லிமீட்டர் எழுத்து வர மாடல்ல 125 வைக்கணும். 1:100னா 250. ஸ்கேல் மாறினா எல்லாத்தையும் மறுபடி மாத்தணும். டைமென்ஷன், எழுத்துக்கெல்லாம் 'அனோடேட்டிவ்'னு ஒரு வசதி இருக்கு, ஸ்கேலுக்குத் தக்கபடி தானா மாறிக்கும். டேபிளுக்கு அது கிடையாது. அதனால டேபிளைப் பேசாம லே-அவுட்ல, தாள் மேலயே வைங்க. 2.5னா 2.5தான். வியூபோர்ட்டுக்கு வெளியில டபுள் க்ளிக் பண்ணிட்டு, தாள்லதான் நிக்கிறோமானு பார்த்துட்டுப் போடுங்க. உள்ளே நின்னுக்கிட்டுப் போட்டா டேபிள் கொசு சைஸ்ல வீட்டுக்குள்ள எங்கேயோ விழுந்து கிடக்கும். 'டேபிளைக் காணோம், டேபிளைக் காணோம்'னு நடு ராத்திரி ஹாஸ்டல்ல கத்துற கேஸ் எல்லாம் பெரும்பாலும் இதுதான். ஸ்கிரீன்ல இருக்கு, பிரின்ட்ல மட்டும் காணோமா? டேபிள் 'டெஃப்பாயிண்ட்ஸ்' லேயர்ல இருக்கானு பாருங்க. அந்த லேயர் பிரின்ட் ஆகவே ஆகாது. வியூபோர்ட்டை லாக் பண்ணவும் மறந்துடாதீங்க.

பிரின்ட் போடுறப்போ ஒரு ஆசை வார்த்தை வரும். 'ஃபிட் டு பேப்பர்'. டிக் பண்ணிடாதீங்க! லே-அவுட்ல இருந்து எடுக்குறப்போ ஸ்கேல் 1:1.

இதுல நான் சைட்ல கத்துக்கிட்டது ஒண்ணு இருக்கு. ஆபீஸ்ல நாம ஏ3ல போடுறோம். சைட்ல ஓடுறது அந்தத் தாளா? ஊஹூம். மேஸ்திரிக்கு ஒண்ணு, கம்பிக்காரருக்கு ஒண்ணு, வீட்டுக்காரருக்கு ஒண்ணுனு பக்கத்துக் கடையில ஏ4ல ஜெராக்ஸ் எடுத்துக்குறாங்க. ஏ3யை ஏ4 ஆக்கினா எல்லாம் 0.707 மடங்காச் சுருங்கும். நான் பெருமையா வெச்ச 2.5 எழுத்து 1.77 மில்லிமீட்டர் ஆயிடும். வெயில்ல, வேர்வைக் கையோட, ஐம்பது வயசுக் கண்ணு அதைப் படிக்கணும். 6 எது, 8 எது?

ஃபர்ஸ்ட் இயர் கிராஃபிக்ஸ்ல எழுத்து உயரம் 2.5, 3.5, 5, 7, 10னு ஒரு வரிசை படிச்சோமே, ஞாபகம் இருக்கா? எஸ்.பி.46 புத்தகத்துல இருக்கும். 'ஏன் 3, 4, 5னு ரவுண்டா வைக்கக் கூடாது?'னு நான் அப்பவே பக்கத்து சீட்டுக்காரன்கிட்ட கிண்டலடிச்சேன். ஒவ்வொண்ணும் முந்தினதைப் போல ஏறக்குறைய 1.414 மடங்கு. ஏ4ல இருந்து ஏ3க்கு நீளம் கூடுறதும் அதே மடங்குதான். அதாவது ஏ3ல 3.5 வெச்சா, ஏ4 ஜெராக்ஸ்ல கிட்டத்தட்ட 2.5 வந்து நிக்கும். ஜெராக்ஸ் கடையை மனசுல வெச்ச மாதிரியே ஒரு வரிசை! ரெண்டு மார்க்குக்காக மனப்பாடம் பண்ணினது, அர்த்தம் புரிஞ்சது அந்த சைட் வாசல்லதான்.

அதனால எழுத்து 3.5, மார்ஜின் 0.5. வரிசை 5.67. சன்ஷேடு சேர்ந்ததால இப்போ 25 வரிசை. கிட்டத்தட்ட 142 மில்லிமீட்டர். இருந்த இடத்துல மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அடங்கிடுச்சு.

விட்டத்தைக் கடைசிக் கட்டத்துல இருந்து தூக்கி, மார்க்குக்குப் பக்கத்துலயே ரெண்டாவதா வெச்சேன். 'எங்கே'ங்கிற கட்டத்துல தமிழ்லயே 'ஹால்', 'சமையலறை', 'போர்டிகோ'னு அடிச்சேன். வந்தது எல்லாம் கேள்விக்குறி... ????. ஆட்டோகேட்டோட எஸ்.ஹெச்.எக்ஸ். எழுத்துருக்கள்ல தமிழ் கிடையாது. டெக்ஸ்ட் ஸ்டைல் போய் லதா மாதிரி, நிர்மலா மாதிரி விண்டோஸ் எழுத்துரு ஒண்ணைத் தேர்ந்தெடுத்ததும் கேள்விக்குறி எல்லாம் தமிழாச்சு. நம்ம எழுத்துல சிலது மேல நீளும், சிலது கீழ நீளும். மார்ஜினை ரொம்ப இறுக்கினா 'கி' தலை மேல் கோட்டுல முட்டும். அந்தக் கட்டத்துல மட்டும் எழுத்தை ஒரு சைஸ் குறைச்சுக்கிட்டேன்.

'எதுக்குடா இவ்ளோ, எக்செல்ல அடிச்சுட்டு ஒட்டிட வேண்டியதுதானே?'னு என் ரூம்மேட் கேட்டான். கேக்குறது சரிதான். ஆனா சும்மா கன்ட்ரோல்-வி அடிச்சா ஒட்டுறது டேபிள் இல்ல, எக்செல்லோட ஒரு துண்டு. உள்ளே இருக்கிற வரிசையை ஆட்டோகேட்ல தொட முடியாது. பேஸ்ட் ஸ்பெஷல் போய் 'ஆட்டோகேட் என்டிட்டீஸ்'னு கொடுத்தா நிஜ டேபிளா வரும். அதை விட சூப்பர், டேட்டா லிங்க். 2008 வெர்ஷன்ல இருந்து இருக்கு. எக்செல்ல மாத்தினா இங்க அப்டேட் ஆகும். கட்டங்கள் பூட்டு போட்டு நிக்கும், அவசரத்துல கை பட்டு மாறாது. எனக்கு அந்த மே மாசம் தேவைப்பட்டது அந்தப் பூட்டுதான்! என்ன, எக்செல் ஃபார்மேட்டையும் அப்டேட் பண்ணச் சொல்லி டிக் விட்டா, நீங்க கஷ்டப்பட்டு சுருக்கின வரிசை எல்லாம் ஒவ்வொரு தடவையும் பழையபடி வீங்கும். அந்த டிக்கை எடுத்துடுங்க.

புதுத் தாளை எடுத்துக்கிட்டு மறுநாள் சாயங்காலம் நானே சைட்டுக்குப் போனேன். சார் இந்தத் தடவை ஒவ்வொரு வரிசையா பென்சில்ல டிக் அடிச்சுத்தான் அனுப்பினார். கையில கால் கிலோ பால்கோவா வேற. எங்க ஊர்ல மன்னிப்பு கேக்குறதுக்கு வேற என்ன வாங்குறது சொல்லுங்க?

அண்ணாச்சி பால்கோவாவை ஓரமா வெச்சுட்டு, தாளை வாங்கி, விரலை வெச்சார். மேல இருந்து கீழ வரைக்கும் ஒவ்வொரு வரிசையா விரல் இறங்குது. நான் மூச்சு விடாம நிக்கிறேன், செமஸ்டர் ரிசல்ட் பார்க்குறப்போ கூட அப்படி நின்னதில்ல. ஹால்ல விரல் நின்னுச்சு. '16'. சமையலறை. '12'. லாஃப்ட். '12'. ரிங். '8'. தலையை ஆட்டினார்.

'எங்கேன்னு தமிழ்ல போட்டது யாரு?'

'நான்தான் அண்ணாச்சி.'

'ம்...'

வேற ஒண்ணும் சொல்லல. கொஞ்ச நேரம் கழிச்சு, வேலை பார்த்துக்கிட்டே, 'அடுத்த வீட்டுக்கு ரெண்டு தாள் வரும்னு உங்க சார் சொன்னாரு. ரெண்டாவது தாளுல தலைப்பு இருக்காது தம்பி. எது நீளம், எது எண்ணிக்கைனு மொதத் தாளைப் புரட்டிக்கிட்டே இருக்கணும். காத்துல பறந்துடும்'னார்.

அதுக்கும் வழி இருக்கு மக்களே. டேபிளை செலக்ட் பண்ணி, ப்ராப்பர்ட்டீஸ்ல 'டேபிள் பிரேக்ஸ்'னு ஒரு பகுதி. அதை 'எஸ்' ஆக்கி, எந்த உயரத்துல உடையணும்னு சொன்னா, நீளமான டேபிள் தானாவே துண்டாகி அடுத்த பத்தியில தொடரும். அதுக்குக் கீழயே 'ரிப்பீட் டாப் லேபிள்ஸ்'னு ஒண்ணு. அதையும் 'எஸ்' ஆக்கினா ஒவ்வொரு துண்டுக்கும் தலைப்பு திரும்ப வரும். உடைஞ்சாலும் உள்ளுக்குள்ள அது ஒரே டேபிள்தான், நடுவுல வரிசை நுழைச்சா எல்லாம் ஒழுங்கா நகரும். ரெண்டு தாளுக்கு என்ன பண்றதுன்னா, ரெண்டாவது துண்டைத் தள்ளி வெச்சு, தாளுக்கு ஒரு துண்டா தனித்தனியா பிரின்ட் எடுக்கலாம்.

அண்ணாச்சிகிட்ட 'அடுத்த தடவை தலைப்போட வரும்'னு சொல்லிட்டு வந்திருக்கேன். ட்ரெயினிங் முடிஞ்சுடுச்சு, காலேஜ் திறந்தாச்சு. ஆனா அந்த ரெண்டு தாள் வீட்டோட ஃபைலை சார்கிட்ட கேட்டு வாங்கி வெச்சிருக்கேன். இந்த சனிக்கிழமை ராஜபாளையம் போறேன்.